வெல்ஷ் ஹார்ப் குளத்தில் பறவைகளை எண்ணியவர்கள்

வட லண்டனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலர் வெல்ஷ் ஹார்ப்பைப் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமலே. வெம்பிளியிலிருந்து ஹென்டன் பக்கம் காரில் போகும்போது, கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் இடையில் ஒரு பெரிய நீர்ப்பரப்பு ஒரு கணம் மின்னி மறையும். பாய்மரப் படகு ஒன்றிரண்டு நிற்கும். நாங்கள் டியூஷனுக்கோ, கோயிலுக்கோ, யாருடையவோ பிறந்தநாள் விழாவுக்கோ போய்க்கொண்டிருப்போம். அப்பா நிறுத்தமாட்டார்.

அந்த நீருக்கு அரச ஆவணங்களில் பிரென்ட் நீர்த்தேக்கம் என்று பெயர். ஊர்ப் பெயர் வெல்ஷ் ஹார்ப். லண்டனில் பறவைகளைப் பற்றி மிக நீண்ட காலமாக எழுதிவைக்கப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. ஏறக்குறைய 180 ஆண்டுகளாக யாரோ ஒருவர் அதன் கரையில் நின்று, என்ன பறவை, எத்தனை, எந்தத் தேதி என்று எழுதிவந்திருக்கிறார். அந்தப் பதிவுகள் எப்படித் தொடங்கின, எப்படி மாறின, அவற்றால் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். செப்டம்பர் வந்துவிட்டது. பறவைகளை எண்ணும் பருவம் தொடங்குவதும் இந்த மாதத்தில்தான்.

படகுக்காகக் கட்டிய குளம்

முதன்முதலில் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது, அணைக்கட்டைப் பார்த்ததும் அவர் சொன்னது: "இது குளமெல்லோ! ஏரி எண்டு சொன்னாய்."

அம்மா மன்னார்ப் பக்கம். கட்டுக்கரைக் குளத்துக்குக் கிட்ட வளர்ந்தவர். எங்கள் ஊர்களில் குளம் என்றால் தானாக உண்டானது அல்ல. ஆற்றையோ ஓடையையோ மறித்துக் கட்டுக் கட்டி, நீரைத் தேக்கி, வயலுக்கு விடுவது. அம்மா சொன்னது சரிதான். வெல்ஷ் ஹார்ப்பும் அப்படி ஒரு குளம்தான். ஆனால் அது வயலுக்காகக் கட்டப்பட்டதல்ல, படகுக்காக.

லண்டனின் ரீஜன்ட்ஸ் கால்வாய் 1820இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அப்போது லொறியும் இல்லை, ரயிலும் இல்லை. நிலக்கரியும் மரமும் செங்கல்லும் படகில்தான் போயின. கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடங்களில் மதகுக் கதவுகள் போட்ட தொட்டிகள் இருக்கும். ஒவ்வொரு படகும் இறங்கும்போது அல்லது ஏறும்போது ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் கீழே போய்விடும். போக்குவரத்துக் கூடக்கூடக் கால்வாயில் தண்ணீர் போதவில்லை. அதனால் பிரென்ட் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். 1835இல் வேலை முடிந்தது. 1841 ஜனவரியில் பெருவெள்ளத்தில் அணை உடைந்து, கீழே பிரென்ட்ஃபோர்ட் வரை வெள்ளம் போனது. திரும்பக் கட்டினார்கள்.

பறவைகளுக்காக யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனால் ஆழம் குறைந்த அகன்ற நீரும், சேற்றுக் கரையும், நாணல் புதரும் இருந்தால் பறவைகள் கேட்காமலே வரும். கட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்த இடம் பறவைகளுக்குப் பேர்போனதாகிவிட்டது.

சுட்டால்தான் பதிவு

பறவைகள் வந்ததும் துப்பாக்கிகளும் வந்தன.

19ஆம் நூற்றாண்டில் பறவை ஆர்வலர் என்றால் கையில் துப்பாக்கி இருக்கும். இன்று கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது நல்ல பைனாகுலர் கிடையாது. பட்டகம் வைத்த நவீன பைனாகுலரை ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1894இல்தான். சட்டைப் பைக்குள் வைக்கக்கூடிய படக் கையேடும் இல்லை. கமெராவும் உதவாது. தூரத்தில் ஒரு அபூர்வப் பறவையைப் பார்த்தேன் என்று நீங்கள் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சு அடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினால்தான் அது பதிவு.

அக்காலத்தில் கிங்ஸ்பரி வட்டாரத்தில் ஃபிரெடரிக் பொண்ட் என்ற இயற்கை ஆர்வலர் இருந்தார். இந்த நீர்த்தேக்கத்தில் அவர் சேகரித்த பறவைகள் பல. சேகரித்த என்றால் சுட்ட என்று வாசியுங்கள். அவருக்குப் பின் ஜேம்ஸ் எட்மண்ட் ஹார்ட்டிங். இவர் 1866இல் மிடில்செக்ஸ் மாவட்டத்துப் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அப்போது அவருக்கு 25 வயது. கிங்ஸ்பரி நீர்த்தேக்கம் என்று அவர் குறிப்பிடும் இடம் இதே வெல்ஷ் ஹார்ப்தான். எந்தப் பறவை எந்தப் பருவத்தில் வரும், எது அடிக்கடி வரும், எது அருமை என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. இன்று நாங்கள் வசிக்கும் தெருக்கள் அன்று புல்வெளிகளாக இருந்தன என்பதையும் அதிலிருந்துதான் நான் உணர்ந்தேன்.

இதற்கிடையில் எட்ஜ்வெயர் வீதியோரத்தில் இருந்த ஓல்ட் வெல்ஷ் ஹார்ப் என்ற மதுச்சாலை, குளத்துக்கே தன் பெயரைக் கொடுத்துவிட்டது. 1858இலிருந்து அதை நடத்திய வோர்னர் என்பவர் மீன்பிடி, வேட்டை, பனிச்சறுக்கு, பந்தயங்கள் என்று கூட்டத்தை வரவழைத்தார். 1870இல் அங்கே ஒரு ரயில் நிலையமே திறந்தார்கள். விடுமுறை நாட்களில் கிழக்கு லண்டன் தொழிலாளர் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. நிலையம் 1903இல் மூடப்பட்டது. மதுச்சாலையும் 1970களின் தொடக்கத்தில் வீதி அகலிக்கும்போது போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

தொப்பியில் ஏறிய பறவை

இப்போது ஒரு பறவையை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். கொண்டை முக்குளிப்பான். கோடையில் தலையில் இரண்டு கறுப்புக் கொண்டைகளும், கன்னத்தில் செம்பழுப்புப் பிடரியும் இருக்கும். இலையுதிர் காலத்தில் அவை உதிர்ந்து, கழுத்து வெள்ளையாகி, ஆளே மாறிப்போகும். குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முக்குளித்து, எதிர்பாராத இடத்தில் எழும்.

இதன் வயிற்றுப் பக்கத்து இறகு அடர்த்தியானது, பட்டுப் போல வெண்மையானது. தண்ணீர் ஒட்டாது. அதுவே அதற்கு வினையானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தத் தோலைக் கொண்டு பெண்களின் கையுறைப் பைகள், தோள் போர்வைகள், தொப்பி அலங்காரங்கள் செய்யும் மோகம் வந்தது. குளம் குளமாகத் தேடிச் சுட்டார்கள். 1860ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் ஏறக்குறைய நாற்பது, ஐம்பது சோடிகள்தான் எஞ்சியிருந்தன என்று பின்னாளில் கணித்தார்கள். ஒரு நாடு முழுவதிலும்!

மெல்ல எதிர்ப்பு எழுந்தது. 1869இல் கடற்பறவைகளுக்கு முதல் பாதுகாப்புச் சட்டம். 1872இலும் 1880இலும் வேறு பறவைகளுக்கும் சட்டங்கள். முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் மாதங்களில் சுடக்கூடாது என்றார்கள். ஆனால் நாகரிகம் நிற்காவிட்டால் சட்டம் மட்டும் என்ன செய்யும்? வெளிநாட்டிலிருந்து இறகு வந்துகொண்டே இருந்தது. 1889இல் மான்செஸ்டரின் டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்ற பெண் தன் வீட்டில் ஒரு சங்கம் தொடங்கினார். உறுப்பினர்கள் இறகு அணியமாட்டோம் என்று உறுதி எடுக்க வேண்டும். அதே காலத்தில் லண்டனுக்குத் தெற்கே குரொய்டனில் எலைசா ஃபிலிப்ஸும் எட்டா லெமனும் இன்னொரு குழுவில் இருந்தார்கள். ஆம், இன்று எங்கள் சொந்தக்காரர் பலர் இருக்கும் அதே குரொய்டன்தான். இரண்டும் 1891இல் இணைந்தன. 1904இல் அரச பட்டயம் கிடைத்தது. இன்று ஆர்.எஸ்.பி.பி. என்று நாங்கள் அறிந்த அமைப்பு அதுதான். இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் 1921இல் வந்தது. 32 ஆண்டுகள் அந்தப் பெண்கள் விடவில்லை.

அதேநேரம் பறவையைப் பார்க்கும் விதமும் மாறிக்கொண்டிருந்தது. 1912இல் ஜூலியன் ஹக்ஸ்லி என்ற இளம் விஞ்ஞானி ட்ரிங் நீர்த்தேக்கங்களுக்குப் போனார். அவையும் கால்வாய்க்காகக் கட்டிய குளங்களே. அங்கே கொண்டை முக்குளிப்பான்கள் சோடி சேரும்போது ஆடும் நடனத்தைத் தொலைநோக்கியால் பார்த்துப் பார்த்து எழுதினார். 1914இல் வெளிவந்த அந்த ஆய்வு விலங்குகளின் நடத்தையைப் பற்றிய படிப்பில் ஒரு முக்கியமான படி. அதற்காக ஒரு பறவையைக் கூடச் சுட வேண்டியிருக்கவில்லை. உயிரோடு இருக்கும் பறவைதான் அவருக்கு வேண்டியிருந்தது. இதே ஹக்ஸ்லிதான் பின்னாளில் யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர்.

பத்தொன்பது வயது இருவர்

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த ஆண்டு 1931.

சட்டங்களால் முக்குளிப்பான் மீண்டுவந்துவிட்டதா? எல்லோரும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் எத்தனை? யாருக்கும் தெரியாது. டொம் ஹாரிசன், ஃபில் ஹொலம் என்ற இரண்டு இளைஞர்கள் எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று தீர்மானித்தார்கள். அந்தக் கோடையில் இருவருக்கும் வயது 19. உங்களில் பலரின் அண்ணா, அக்கா வயது.

கணினி இல்லை, வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லை. பத்திரிகைகள் வழியாக அழைப்பு விட்டார்கள். ஊர் ஊராகக் கடிதம் எழுதினார்கள். உங்கள் பக்கத்துக் குளத்தில் இந்தப் பறவை இருக்கிறதா, எத்தனை சோடி, எத்தனை குஞ்சு? ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் அனுப்பினார்கள். எல்லோரும் பேராசிரியர்கள் அல்ல. பெரும்பாலும் தங்கள் ஊர்க் குளத்தைத் தெரிந்த சாதாரண மனிதர்கள். கணக்கு வந்தபோது, ஒருகாலத்தில் சில டசின் சோடிகளாக இருந்த பறவை இப்போது ஆயிரம் சோடிகளைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தது. பாதுகாப்புச் சட்டம் பலன் தரும் என்பதற்கு எண்ணில் சாட்சி கிடைத்தது.

அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் பிரித்தானியப் பறவையியல் அறக்கட்டளை உருவானது. பொதுமக்கள் எண்ணித் தரும் கணக்கை வைத்து ஆய்வு செய்வதுதான் அதன் வேலை. ஹாரிசன் 1937இல் மாஸ் ஒப்சர்வேஷன் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அது சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவுசெய்தது. பறவைகளைக் கவனித்த அதே பழக்கத்தை மனிதர்கள் பக்கம் திருப்பினார் என்று சொல்லலாம். ஹொலம் 1954இல் வெளிவந்த புகழ்பெற்ற ஐரோப்பியப் பறவைக் கையேட்டின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

ஹார்ட்டிங்கின் காலத்தில் ஒரு பதிவு என்றால் ஒரு செத்த பறவை. ஹாரிசன், ஹொலம் காலத்தில் ஒரு பதிவு என்றால் தாளில் ஒரு எண். அறுபத்தைந்து ஆண்டுகளில் நடந்த மாற்றம் அது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

1947இல் நாடு தழுவிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புத் தொடங்கியது. பின்பு 1993இல் கரைப்பறவைக் கணக்கெடுப்போடு சேர்ந்து, இன்று வெப்ஸ் என்று அழைக்கப்படுகிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் தங்கள் குளத்தை, தங்கள் கடற்கரையை எண்ணுவார்கள். முக்கியமான மாதங்கள் செப்டம்பர் முதல் மார்ச் வரை.

ஏன் இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது? வடக்கே ரஷ்யாவிலும் ஸ்கண்டிநேவியாவிலும் குளங்கள் உறையத் தொடங்குவதால், அங்கே குஞ்சு பொரித்த வாத்துகள் தெற்கும் மேற்கும் நோக்கி வருகின்றன. பிரித்தானியக் குளிர் எங்கள் பெற்றோருக்குப் பெரிய தண்டனை. அந்தப் பறவைகளுக்கு இதுதான் வெப்பநாடு. செப்டம்பரில் தகைவிலான்கள் ஆபிரிக்காவுக்குப் புறப்படும். அக்டோபரில் தட்டைவாயன் வாத்துகள் கூடும். அகன்ற அலகால் நீரைச் சல்லடை போட்டபடி கூட்டமாக வட்டமடிக்கும். நாமத்தலை வாத்து வரும். நெற்றியில் வெளிர் மஞ்சள் நாமம் இட்ட ஆண் பறவையைப் பார்த்தால், தமிழில் அதற்குப் பெயர் வைத்தவரின் குறும்பு புரியும். ஆண்டு முழுவதும் இருக்கும் கறுப்பு நாமக்கோழியின் நெற்றியிலோ பளிச்சென்ற வெள்ளை.

எனக்குப் பதினாறு வயதில், வேறொரு லண்டன் குளத்தில் வயதான ஒருவர் எண்ணுவதைக் கண்டு பக்கத்தில் போய் நின்றேன். அவர் எனக்கு மூன்று விதிகள் சொன்னார்.

முதலாவது, ஒரே இடத்தில் நின்று, ஒரே பாதையில் நடந்து எண்ண வேண்டும். இம்முறை பாதிக் குளமும் அடுத்தமுறை முழுக் குளமும் எண்ணினால் பறவை கூடியதா, நீங்கள் நடந்த தூரம் கூடியதா என்று தெரியாது.

இரண்டாவது, பெரிய கூட்டமானால் முதலில் பத்தை எண்ணு. பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணுக்குப் பழக்கு. பின்பு அந்த அளவால் கூட்டத்தை அள.

மூன்றாவதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. ஒன்றும் இல்லையென்றால் பூச்சியம் என்று எழுது. வெற்றிடமாக விடாதே. வெற்றிடம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். பூச்சியம் என்றால் பார்த்தோம், இல்லை என்று பொருள். இரண்டும் ஒன்றல்ல.

அந்தப் பூச்சியங்களும் சிறு எண்களும் எவ்வளவு பேசும் என்பதற்கு ஓர் உதாரணம் பொச்சார்ட். செம்பழுப்புத் தலையும் சாம்பல் உடலும் கொண்ட, முக்குளிக்கும் வாத்து. என் வயதுக்காரர் பார்த்தால், குளத்தில் பத்துப் பன்னிரண்டு நிற்கிறது, அழகாக இருக்கிறது என்று போய்விடுவோம். ஆனால் பழைய தாள்களை எடுத்தால் அதே குளங்களில் எவ்வளவோ கூடுதலாக இருந்திருக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில் பிரித்தானியாவில் குளிர்காலத்தில் தங்கும் பொச்சார்ட் பாதிக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. 2015இல் உலக அளவில் ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. யாரும் எண்ணாமல் இருந்திருந்தால், குறைந்தது என்பதே தெரிந்திருக்காது. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த அளவைத்தான் சரியான அளவு என்று நினைத்துக்கொள்ளும்.

ஒரு சதவீதம்

எண்ணுவதால் என்ன நடந்துவிடும் என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு ஒரு சட்டப் பதில் இருக்கிறது.

1971இல் ஈரானின் ராம்சர் நகரில் ஈரநிலங்களைப் பற்றி ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு நீர்நிலை உலக முக்கியத்துவம் வாய்ந்தது என்று சொல்ல அதில் பல அளவுகோல்கள் உண்டு. அவற்றில் இரண்டு வெறும் எண்கள். அங்கே வழமையாக 20,000 நீர்ப்பறவைகள் தங்க வேண்டும். அல்லது, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதம் அங்கே இருக்க வேண்டும்.

விமானத்தில் ஹீத்ரோவில் இறங்கும்போது ஜன்னலால் பெரிய பெரிய நீர்த்தேக்கங்கள் தெரியுமே, அவற்றில் சிலவும் பக்கத்துப் பள்ளக் குளங்களும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் ஏறின. காரணம் தட்டைவாயனும் கருவால் வாத்தும். லண்டனுக்குக் குடிநீர் கொடுக்கக் கட்டிய தொட்டிகள் அவை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ குளிரில் நின்று எண்ணிய எண்கள் இல்லையென்றால் அந்த ஒரு சதவீதத்தை எவரும் நிரூபித்திருக்க முடியாது.

வெல்ஷ் ஹார்ப் அவ்வளவு பெரிய இடமல்ல. ஆனால் 1950இலேயே அது அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த சிறப்பிடம் என்று அறிவிக்கப்பட்டது. முக்கிய காரணம் அங்கே கூடுகட்டும் நீர்ப்பறவைகள், அதிலும் நம் கொண்டை முக்குளிப்பான். தொப்பிக்காகத் தேடிக் கொல்லப்பட்ட பறவை, ஒரு நூற்றாண்டுக்குள் அந்தக் குளத்தையே காப்பாற்றும் காரணமாகிவிட்டது. 1972இலிருந்து உள்ளூர்ப் பாதுகாப்புக் குழு ஒன்று அங்கே வேலை செய்கிறது. இன்றும் மழை பெய்தால் ஆறு வழியாகத் தெருக் குப்பை வந்து சேரும். கரையோரம் அடுக்குமாடிகள் உயர்ந்துவிட்டன. ஒவ்வொரு புதுத் திட்டம் வரும்போதும் முதலில் கேட்கப்படுவது, அங்கே என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதுதான். அழகாக இருக்கிறது என்ற பதில் அந்த மேசையில் எடுபடாது.

எண்ணப்படாத ஆண்டுகள்

அம்மாவுக்கு முதலில் நான் பைனாகுலரோடு வெளியே போவது பிடிக்கவில்லை. படிப்புக் கெட்டுப்போகும் என்பதல்ல காரணம்.

"உதைக் கழுத்திலை போட்டுக்கொண்டு, கொப்பியிலை எழுதிக்கொண்டு நிண்டா, ஆராவது பிழையா நினைப்பாங்கள்" என்றார்.

இங்கே யார் பிழையாக நினைக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தான் 1980களின் கடைசியில் ஊரை விட்டு வந்ததையும், அக்காலத்தில் கடற்கரையில் ஒரு பெடியன் எதையாவது உற்றுப் பார்த்து எழுதிக்கொண்டு நின்றால் அவன் வீட்டுக்குத் திரும்பி வருவான் என்று எந்தத் தாயும் நம்பியிருக்கமாட்டாள் என்பதையும் சொன்னார். மாரிக்குத் தாராக் கூட்டம் வந்து இறங்கும், தண்ணீரே கறுப்பாகத் தெரியும், ஆனால் அதை நின்று பார்த்த நினைவு தனக்குச் சின்ன வயதோடு நின்றுவிட்டது என்றார். தாரா என்று அம்மா சொல்வது வாத்தைத்தான்.

அம்மா சொன்ன தாராக்களைத் தேடிப் படித்தேன். மன்னார்ப் பகுதியில் மாரிக்கு வரும் பெருங்கூட்டங்களில் நாமத்தலை வாத்தும், ஊசிவால் வாத்தும், தட்டைவாயனும் உண்டு. லண்டனில் நான் பார்க்கும் அதே இனங்கள். அதே பறவைகள் அல்ல. இங்கே வருபவை பெரும்பாலும் வட ஐரோப்பாவிலிருந்தும் மேற்கு ரஷ்யாவிலிருந்தும் வருபவை. அங்கே போகின்றவை மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் கடந்து தெற்கே இறங்குபவை. ஒரே குடும்பத்தில் ஒரு கிளை மேற்கே, ஒரு கிளை தெற்கே. இது எங்கள் வீடுகளுக்குப் புதிய கதை இல்லை.

மன்னாருக்குக் கிட்ட உள்ள வங்காலை 2008இல் சரணாலயமானது. 2010இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஹீத்ரோப் பக்கத்து நீர்த்தேக்கங்கள் இருக்கும் அதே பட்டியல்தான். வங்காலையில் 20,000க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் தங்குகின்றன. ஆசியா முழுவதும் ஜனவரி மாதத்தில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஆனால் அதற்கடுத்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வடக்கில் போர். லண்டனில் இருப்பது போல மாதம் தவறாத, ஒரே குளத்தின் கணக்கு அங்கே இருக்க வழியில்லை. அந்த மாரிகளிலும் பறவைகள் வந்திருக்கும். எத்தனை என்று இனி எவராலும் சொல்ல முடியாது. அவை பூச்சியங்கள் அல்ல. அந்த முதியவர் சொன்னாரே, அந்த வெற்றிடங்கள்.

பதிவு செய்வது என்பது அமைதி இருக்கும் இடத்தில் மட்டும் செய்யக்கூடிய வேலை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. 1947இலிருந்து ஒரு நாட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எண்ண முடிந்திருக்கிறது என்றால், அங்கே ஒரு மனிதர் பைனாகுலரோடு கரையில் நிற்க முடிந்திருக்கிறது என்று பொருள். அந்த வசதி எனக்கும் உங்களுக்கும் இருக்கிறது. எங்கள் பெற்றோருக்கு இருக்கவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில்

வெல்ஷ் ஹார்ப்பைப் பற்றிய பழைய பதிவுகளில் நான் பார்த்த பெயர்கள் பொண்ட், ஹார்ட்டிங் போன்றவை. எங்கள் வீட்டுப் பெயர்களைப் போல ஒன்றை அங்கே நான் இன்னும் காணவில்லை. அந்தக் குளத்தைச் சுற்றி வெம்பிளியிலும் கிங்ஸ்பரியிலும் ஹென்டனிலும் நாங்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளாக இருக்கிறோம். கடைகள், கோயில்கள், பள்ளிகள் எல்லாம் கட்டியிருக்கிறோம். வீதிகளின் கணக்கில் நாங்கள் இருக்கிறோம். குளத்தின் கணக்கிலும் இருக்கலாம்.

நீங்கள் லண்டனில் இருக்க வேண்டும் என்றில்லை. ரொறன்ரோவில் ஒன்ராறியோ ஏரி இருக்கிறது. சூரிச்சில் சூரிச் ஏரி. எந்த நகரத்திலும் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு குளமாவது இருக்கும். விலையுயர்ந்த கருவி வேண்டாம். முதலில் ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். குளிரில் பேனா எழுதாது, பென்சில் எழுதும்.

மாதத்தில் ஒரு நாளைத் தெரிந்தெடுங்கள். ஒரே பாதையில் நடங்கள். தேதி, நேரம், இடம், வானிலை எழுதுங்கள். தெரிந்த பறவைகளை மட்டும் எண்ணுங்கள். தெரியாததை வரைந்து வைத்துப் பிறகு தேடுங்கள். முதல் ஆண்டு ஐந்து இனங்களே போதும்: நாமக்கோழி, முக்குளிப்பான், அன்னம், சாம்பல் நாரை, தட்டைவாயன். இல்லாததற்குப் பூச்சியம் போடுங்கள். பழகிய பின் உங்கள் நாட்டின் கணக்கெடுப்பில் சேருங்கள். புதியவர்களை அவர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

அம்மா இப்போது என்னோடு வருகிறார், மழை இல்லாத நாட்களில் மட்டும். பைனாகுலரைத் தொடமாட்டார். ஆனால் நாமக்கோழிகளை அவர் ஐந்தைந்தாக எண்ணும் வேகம் எனக்கு வராது. ஊரில் தேங்காய் எண்ணுவது அப்படித்தானாம். போன நவம்பரில் அவர் எண்ணியதும் நான் எண்ணியதும் ஒன்றாக வந்தது: 85. கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு பேரின் பெயரையும் எழுதினேன்.